கூகுள் இல்லாத போனில் வழிகாட்டி: ஓஸ்மேண்ட், கோமேப்ஸ், ப்யூர் மேப்ஸ்

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். லினியேஜ், கிராஃபீன், ஈ-ஓஎஸ் என்று கூகுளை நீக்கிய ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்து, பைக்கில் போகிறவர் என்றால் ஓஸ்மேண்ட் என்ற வரைபடச் செயலி. கார், நடை, புது ஊரில் சுற்றல் என்றால் கோமேப்ஸ் அல்லது ஆர்கானிக் மேப்ஸ். பைன்ஃபோன், லிப்ரெம் 5 மாதிரி முழு லினக்ஸ் போன் என்றால் தேர்வுக்கே இடமில்லை: ப்யூர் மேப்ஸ், அதற்குப் பின்னால் ஓஎஸ்எம் ஸ்கவுட் சர்வர். நேரலைப் போக்குவரத்து நெரிசல் தெரிய வேண்டும் என்பவருக்கு இவற்றில் எதுவுமே உதவாது. அது இல்லாமல் முடியாது என்றால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எல்லாச் செயலிகளும் உண்பது ஒரே தரவு, 2004-ல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கி, பொதுமக்கள் சேர்ந்து வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் (சுருக்கமாக ஓஎஸ்எம்). அரிசி ஒன்றுதான், சமையல்தான் வேறு. அதனால் ஒரு தெரு ஓஸ்மேண்டில் இல்லையென்றால் கோமேப்ஸிலும் இருக்காது. செயலியை மாற்றிப் பயனில்லை. அதேபோல, போன் இருப்பிடத்தையே பிடிக்கவில்லை என்றால் எந்த மேப்பைப் போட்டாலும் பிடிக்காது. 'இந்த ஆப் சரியில்லை' என்று வரும் புகார்களில் பெரும்பகுதி ஒன்று ஜிபிஎஸ் கோளாறு, இல்லையென்றால் தரவுக் குறை. செயலியின் தவறு மூன்றாவதாகத்தான் வரும். வரிசையைத் தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம்.

ஓஸ்மேண்ட்

2010-லிருந்து இருக்கிறது, நெதர்லாந்தில் பதிவான நிறுவனம் நடத்துகிறது. பிளே ஸ்டோரில் கிடைக்கும் இலவசப் பதிப்பில் ஏழு வரைபடப் பதிவிறக்கம் வரைதான். கட்டற்ற செயலிகளுக்கான கடையான எஃப்-டிராய்டில் பெயருக்குப் பின்னால் ஓர் அலைக்குறியோடு வரும் பதிப்பில் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. கூகுள் இல்லாத போனில் எப்படியும் அங்கிருந்துதான் போடப்போகிறீர்கள். புதிய வெளியீடு அங்கே சற்றுத் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

இந்தியா மாநிலவாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டை மட்டும் இறக்கிவிட்டு எல்லை தாண்டினால் சிக்கல் சத்தமில்லாமல் வரும். சென்னையிலிருந்து பெங்களூருக்கு வழி கேட்கிறீர்கள் என்று வையுங்கள். கர்நாடக வரைபடமும் இருந்தால் வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியைக் காட்டிவிடும், நீங்களும் திருப்தியாகிவிடுவீர்கள். ஆனால் ஆந்திர வரைபடம் இல்லாத போனுக்கு ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர், முள்பாகல், கோலார் என்று போகும் பாதை இருப்பதே தெரியாது. அது சிறந்த வழியா இல்லையா என்பது பிறகு; கணக்கிலேயே வராது. எனவே போகும் வழியில் இல்லாத பக்கத்து மாநிலத்தையும் சேர்த்து இறக்குங்கள்.

ஓஸ்மேண்டை நாங்கள் முதலில் வைப்பதற்குக் காரணம் பயண முறைகள். பைக், மொபெட், லாரி எல்லாவற்றுக்கும் தனித்தனி முறை உண்டு. நிறுவியவுடன் இவை அணைந்திருக்கும், அமைப்புகளில் போய் இயக்கிக்கொள்ள வேண்டும். இது வெறும் படக்குறி வேறுபாடு அல்ல. பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனத்துக்குத் தடை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தச் சாலைத் துண்டுக்கு 'பைக் கூடாது' என்ற குறிச்சொல் இருந்தால் பைக் முறை சர்வீஸ் ரோட்டுக்கு மாற்றிவிடும். கார் முறையில் பைக் ஓட்டினால் நேராக டோல்கேட்டில் கொண்டுபோய் நிறுத்தும்.

'எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம்' என்பதில் ஓஸ்மேண்ட் ஏமாற்றும், எப்போதும் சீக்கிரமாகச் சொல்லும் பக்கமாகவே. நம் சாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு வேக வரம்பு தரவில் பதியப்படவில்லை. பதிவில்லாத இடத்தில் சாலையின் தரத்தை வைத்துச் செயலி ஒரு வேகத்தை ஊகிக்கிறது. மாநில நெடுஞ்சாலை என்றால் இவ்வளவு, கிராமச் சாலை என்றால் இவ்வளவு. சந்தை நாள், வேகத்தடை, ரயில்வே கேட் எதுவும் அதில் கிடையாது. ஒவ்வொரு பயண முறையிலும் வழக்கமான வேகம் என்றொரு அளவு இருக்கிறது. அதைக் குறைத்தால் நேரம் உண்மைக்குப் பக்கத்தில் வரும். அதற்காகப் பாதி பாதியாகக் குறைக்க வேண்டாம். மிகவும் குறைத்தால் வழித் தேர்வே மாறி, பைபாஸை விட்டு ஊருக்குள் நுழைக்கத் தொடங்கும்.

முன்பெல்லாம் சில நூறு கிலோமீட்டர் வழி கேட்டால் போன் சூடாகி உட்கார்ந்துவிடும். 2024 வாக்கில் நெடுஞ்சாலைப் படிநிலை முறையில் வழி கணக்கிடும் வசதி வந்தபின் அந்தக் குறை பெருமளவு போய்விட்டது. பழைய வரைபடக் கோப்போடு புதிய செயலி இருந்தால் பலன் தெரியாது. செயலியைப் புதுப்பித்த கையோடு வரைபடத்தையும் புதுப்பியுங்கள்.

குறை என்றால் திரைதான். எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் மின்கம்பம் வரை வரைந்துவைக்கும். வரைபட அமைப்பில் கூடுதல் விவரங்களை அணைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, ஓட்டுவதற்கென்றே ஒரு முறையை ஒருமுறை உட்கார்ந்து ஒழுங்குபடுத்த வேண்டும். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் 'குழப்பமாக இருக்கிறது' என்று நீக்கியவர்கள் அதிகம்.

வரைபட மொழியைத் தமிழாக வைக்கலாம். தமிழ்ப் பெயர் தனியாகப் பதியப்பட்ட ஊருக்கு அது தமிழில் வரும். இல்லாத இடத்தில் ஆங்கிலமே நிற்கும். இலங்கையில் பயணிப்பவருக்கு இந்த அமைப்பு இன்னும் முக்கியம், பெயர்கள் மூன்று மொழியில் பதிவாகின்ற நாடு அது.

சைக்கிள்காரர்களுக்கு ஒரு துணைச் செயலி

பிரௌட்டர் என்பது வழியை மட்டும் கணக்கிடும் கட்டற்ற இயந்திரம். சொந்தமாக வரைபடம் காட்டாது, ஓஸ்மேண்டுக்குள் இன்னொரு வழித்தேர்வாகச் சேர்ந்துகொள்ளும். ஏற்ற இறக்கத்தைக் கணக்கில் எடுப்பதால் ஏற்காடு, கொல்லிமலை போகும் சைக்கிள்காரர் இதை விடமாட்டார். இதன் தரவு மாநிலவாரியாக இல்லை. அட்சரேகை, தீர்க்கரேகை ஐந்து பாகைக்கு ஒரு கட்டமாக வரும். இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு மூன்று கட்டம் தேவை. கிழக்கு 75–வடக்கு 10 கட்டத்தில் கோவை, சேலம், திருச்சி. கிழக்கு 75–வடக்கு 5 கட்டத்தில் மதுரையும் அதற்குத் தெற்கே எல்லாமும். சென்னை 80 பாகையைச் சற்றே தாண்டி நிற்பதால் கிழக்கு 80–வடக்கு 10 என்று தனிக் கட்டம். அதை விட்டுவிட்டால் செங்கல்பட்டு வரை ஒழுங்காக வரும் வழி தலைநகருக்குள் நுழையும் முன் அறுந்துபோகும். இலங்கையில் கொழும்பும் மன்னாரும் கிழக்கு 75–வடக்கு 5, யாழ்ப்பாணம் கிழக்கு 80–வடக்கு 5, இரண்டும் வேண்டும்.

ஆர்கானிக் மேப்ஸும் கோமேப்ஸும்

மேப்ஸ்வித்மீ என்று தொடங்கி, மேப்ஸ்.மீ ஆகி, 2014-ல் ரஷ்யாவின் மெயில்.ரு கைக்குப் போன செயலிதான் இவற்றின் மூலம். அதன் பழைய உருவாக்குநர்கள் திறந்த நிரலை எடுத்து, விளம்பரத்தையும் கண்காணிப்பையும் களைந்து ஆர்கானிக் மேப்ஸ் ஆக்கினார்கள், 2021-ல் வெளிவந்தது. நிர்வாகம், பணக் கணக்கு ஆகியவற்றின் வெளிப்படைத்தன்மை குறித்துப் பங்களிப்பாளர்களிடம் எழுந்த மனக்கசப்பில் 2025-ல் ஒரு பகுதியினர் பிரிந்து கோமேப்ஸைத் தொடங்கினர்.

பயன்படுத்துகிறவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. திறந்தவுடன் வரைபடம், விரலுக்குச் சுணங்காமல் நகரும், தேடல் உடனே பதில் சொல்லும், பேட்டரியைத் தின்னாது. மூன்று ஜிபி நினைவகம் உள்ள பழைய போனிலும் ஓடும். அம்மாவின் போனில் போட்டுக்கொடுக்க இதைவிட நல்லது கிடையாது. சேமித்த இடங்களை ஒன்றிலிருந்து ஏற்றுமதி செய்து மற்றதில் இறக்கிக்கொள்ளலாம் என்பதால் கட்சி மாறுவதற்கும் செலவில்லை. எங்கள் சாய்வு கோமேப்ஸ் பக்கம். யார் முடிவெடுக்கிறார்கள், பணம் எங்கே போகிறது என்பது வெளியே தெரிகிறது.

ஆனால் இவற்றில் பைக்குக்கென்று தனி முறை இல்லை. கார், நடை, சைக்கிள், பொதுப் போக்குவரத்து, அவ்வளவுதான். சுங்கச் சாலை, மண் சாலை, படகுத்துறை, நெடுஞ்சாலை ஆகியவற்றைத் தவிர்க்கச் சொல்லலாம். அதற்குமேல் 'இந்த வழி வேண்டாம், வேறு காட்டு' என்றால் காட்டாது. இடைநிறுத்தம் ஒன்றை நீங்களே நடுவில் வைத்து வழியை இழுக்க வேண்டும். குறுக்குச் சந்துகளில் கார் நுழையுமா என்பதிலும் அதற்குப் பெரிய அறிவு கிடையாது. தரவில் குடியிருப்புத் தெரு என்று இருந்தால் நுழைத்துவிடும்.

குரல் வரவில்லையா?

கூகுள் நீக்கிய போனில் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இது. செயலி எழுத்தை மட்டும்தான் அனுப்பும், அதைப் பேச்சாக்குவது போனில் உள்ள தனி இயந்திரம். கூகுளோடு அந்த இயந்திரமும் போயிருக்கும். எஃப்-டிராய்டிலிருந்து ஈஸ்பீக் அல்லது ஆர்எச்வாய்ஸ் போட்டு, போனின் அமைப்புகளில் 'எழுத்திலிருந்து பேச்சு' பகுதியில் அதைத் தேர்ந்தெடுத்து, பிறகு வழிகாட்டிச் செயலியை மூடித் திறக்க வேண்டும். திறக்காமல் சோதித்துவிட்டு இன்னும் வரவில்லை என்பார்கள். ஈஸ்பீக் தமிழும் பேசும், இயந்திர வாடையோடு. ஆங்கிலக் குரலை வைத்துக்கொண்டு தெருப்பெயர் வாசிப்பதை அணைத்துவிடுவது காதுக்கு நல்லது. நம் ஊர்ப் பெயர்களை அது படுத்தும் பாடு கேட்கச் சகிக்காது.

முகவரி தேடலும் வாட்ஸ்அப் இணைப்பும்

கதவு எண், குறுக்குத் தெரு என்று முழு முகவரியைத் தட்டினால் ஒன்றும் வராது. இந்தியாவில் கதவு எண்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் மிகக் குறைவாகவே பதிவாகியிருக்கின்றன. பக்கத்துக் கோயில், பள்ளி, பேருந்து நிறுத்தம், பெட்ரோல் பங்க் என்று அடையாளத்தைத் தேடிப் பிடித்து அங்கிருந்து விரலால் நகர்வதுதான் நடைமுறை. அனுப்புகிறவரிடம் பிளஸ் கோடு (இடத்தைச் சுட்டும் எழுத்து-எண் குறியீடு) கேட்டு வாங்கினால் இன்னும் சுலபம். ஓஸ்மேண்ட், கோமேப்ஸ் இரண்டும் அதைத் தேடல் பெட்டியிலேயே புரிந்துகொள்ளும். ஊர்ப் பெயர் சேர்த்த குட்டிக் கோடு வேண்டாம். பத்து எழுத்துள்ள முழுக் கோடு வாங்குங்கள். அது ஏறக்குறைய 14 மீட்டருக்கு 14 மீட்டர் சதுரத்தைக் காட்டிவிடும், இணையமும் தேவையில்லை.

கல்யாணப் பத்திரிகையோடு வரும் கூகுள் மேப்ஸ் குறுக்கிணைப்பு இன்னொரு தலைவலி. அந்தக் குறுக்கிணைப்புக்குள் இடத்தின் எண்கள் இல்லை. இணையத்தில் போய் விரித்தால்தான் உண்டு. எஃப்-டிராய்டில் இருக்கும் ஜியோ ஷேர் இந்த வேலைக்கென்றே எழுதப்பட்டது: இணைப்பை அதனிடம் பகிர்ந்தால் விரித்து, நீங்கள் வைத்திருக்கும் மேப் செயலிக்கு அனுப்பும். வீட்டில் வைஃபை இருக்கும்போதே செய்து இடத்தைச் சேமித்துக்கொள்ளுங்கள். மண்டபத்துக்குப் போகும் வழியில் சிக்னல் இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இருப்பிடம் பிடிக்காதது ஏன்

ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் வேகத்தில் ஒலிபரப்புகிறது. அந்த விவரம் முழுதும் ஒரு சுற்று வர 30 நொடி. நடுவில் ஒரு மரமோ மேம்பாலமோ மறைத்தால் அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். விவரம் சில மணி நேரத்தில் காலாவதியும் ஆகும். சாதாரண போன் இந்தத் தகவலை இணையத்திலிருந்து முன்கூட்டியே வாங்கிவிடுவதால் நொடியில் பிடிக்கிறது. அந்த உதவியை அணைத்த போன் வானத்தைப் பார்த்துத் தானே கற்க வேண்டும், நிமிடங்கள் ஆகும். கிராஃபீன் இந்த உதவித் தரவைத் தன் சொந்த சர்வர்கள் வழியாகத் தருகிறது. கூகுள் வேண்டாம் என்பதற்காக அதையும் சேர்த்து அணைத்துவிட்டு ஜிபிஎஸ்ஸைத் திட்டாதீர்கள். உதவி இல்லாத போனை வண்டி கிளம்பும் முன், திறந்த வெளியில், அசையாமல் வைத்துப் பிடிக்க விடுங்கள். ஓடும் வண்டியில் முதல் பிடிப்பு கிடைப்பது கடினம்.

கட்டடத்துக்குள் இருப்பிடம் தருவது வைஃபை, செல் கோபுரத் தரவு. கட்டற்ற உலகம் இதற்கு நம்பியிருந்த மொசில்லாவின் சேவை 2024-ல் மூடப்பட்டது. அதன் இடத்தை இப்போது பீக்கன்டிபி நிரப்பப் பார்க்கிறது. மக்கள் சேகரித்துத் தருகிற தரவு அது. யாரும் சேகரிக்காத ஊரில் ஒன்றும் கிடைக்காது. லினக்ஸ் போனில் செயலிகளுக்கு இருப்பிடம் சொல்லும் ஜியோகுளூ சேவையின் அமைப்புக் கோப்பில் இன்னும் பழைய மொசில்லா முகவரி இருந்தால் மாற்றிவிடுங்கள். மதுரையில் இருந்துகொண்டு புள்ளி சென்னையிலோ மும்பையிலோ நின்றால், அது ஜிபிஎஸ் அல்ல. உங்கள் இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்து ஊகித்தது.

லினக்ஸ் போன்கள்

பைன்ஃபோனில் ஜிபிஎஸ் தனிச் சில்லு கிடையாது, செல் இணைப்பைத் தரும் குவெக்டெல் ஈஜி25-ஜி மோடத்துக்குள்ளேயே இருக்கிறது. பின்மூடிக்குள் இருக்கும் ஆறு சுவிட்சுகளில் முதலாவதை அணைத்து மோடத்தைத் துண்டித்தால் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்து போகும். மோடம் வேண்டாம், மேப் மட்டும் போதும் என்ற ஆசை இந்தப் போனில் நடக்காது. உதவித் தரவை மோடத்துக்குள் ஏற்றும் வேலையை ஈஜி25 மேலாளர் என்ற சேவை பார்க்கிறது. அது ஓடவில்லை என்றால் முதல் பிடிப்புக்குப் பத்து நிமிடம்கூட ஆகலாம். லிப்ரெம் 5 இதில் மேல். எஸ்டி நிறுவனத்தின் டெசியோ ஜிபிஎஸ் சில்லு தனியாக உள்ளதால் மோடத்தை அணைத்தும் வழி பார்க்கலாம். அந்தப் போனில் உள்ள மூன்று துண்டிப்புச் சுவிட்சையும் ஒன்றாக அணைத்தால் மட்டும் ஜிபிஎஸ், திசைகாட்டி எல்லாம் நின்றுவிடும். வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள்.

கட்டற்ற போன்களுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் பழைய பகை உண்டு. 2008-ல் வந்த ஓப்பன்மோகோ ஃப்ரீரன்னரில் மைக்ரோஎஸ்டி அட்டையின் கடிகாரத் துடிப்பு ஜிபிஎஸ் சிக்னலைக் கெடுத்தது. 10 பைக்கோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பற்றவைத்ததும், வேலையில்லாத நேரத்தில் அந்தக் கடிகாரத்தை நிறுத்தும்படி இயங்குதளத்தின் கருவான கர்னலைத் திருத்தியதும்தான் தீர்வு.

மென்பொருளுக்கு வருவோம். நோம் மேப்ஸ் அழகானது, ஆனால் இணையம் போனால் வெற்றுத் தாள். மேப்போ இலகுவானது, படச் சதுரங்களைச் சேமித்து வைத்துக்கொள்ளும், திருப்பத்துக்குத் திருப்பம் வழிகாட்டாது. அதில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் சர்வரிலிருந்து மாவட்டம் மாவட்டமாக மொத்தமாக இறக்குவது அவர்கள் விதிக்கு எதிரானது, தடை விழும். லினக்ஸில் ஆண்ட்ராய்டு செயலிகளை இயக்கும் வேட்ராய்டுக்குள் ஓஸ்மேண்டை ஓட்டலாமே என்று தோன்றும். போனின் ஜிபிஎஸ் இயல்பாக அதற்குள் போகாது, எனவே வழிகாட்டல் கிடையாது.

மிஞ்சுவது ப்யூர் மேப்ஸ். செய்ல்ஃபிஷ் இயங்குதளத்தில் பிறந்து, உபுண்டு டச், போஸ்ட்மார்க்கெட் ஓஎஸ், மொபியன் எல்லாவற்றிலும் ஓடுகிறது. இது திரை மட்டும்தான். வரைபடம், தேடல், வழி மூன்றையும் ஆஃப்லைனில் தருவது ஸ்கவுட் சர்வர் என்ற தனி நிரல். வழிக்கு வல்ஹல்லா, முகவரியைப் பிரிக்க லிப்போஸ்டல் என்று உள்ளே பல இயந்திரங்கள். முதலில் இரண்டையும் நிறுவுங்கள். சர்வரைத் திறந்து, இயல்பான தரவு வகையை அப்படியே விட்டு, வரைபட மேலாளரில் உங்கள் பகுதிக்குச் சந்தா போட்டு இறக்குங்கள். உலகப் பொதுத் தரவும் மொழிக்கான முகவரித் தரவும் சேர்ந்து வரும் என்பதால் முதல் இறக்கம் கனமாக இருக்கும். வைஃபையில், சார்ஜரில் போட்டுச் செய்யுங்கள். பிறகு சர்வர் அமைப்பில் தானாக எழும் வசதியை இயக்க வேண்டும். கடைசியாக ப்யூர் மேப்ஸில் 'ஆஃப்லைன்' சுயவிவரத்துக்கு மாறுங்கள். வெற்றுத் திரை வருகிறது என்றால் பத்தில் ஒன்பது முறை இந்தக் கடைசி இரண்டில் ஒன்று விட்டுப்போயிருக்கும். குரலுக்கு ஈஸ்பீக், ஃபிளைட், மிமிக் என்று ஏதாவது ஒன்று தனியாகப் போட வேண்டும்.

இரண்டு ஜிபி பைன்ஃபோனில் இது திணறும், உலாவியை மூடிவிட்டுத்தான் ஓட்ட முடியும். மூன்று ஜிபியில் பரவாயில்லை. திருப்பத்தைச் சொல்வதிலும் வழி தப்பினால் மறுபடி கணக்கிடுவதிலும் வல்ஹல்லா குறை வைப்பதில்லை. திரை அணையாமல் இருக்கும் அமைப்பை மட்டும் மறக்காமல் போடுங்கள். போன் தூங்கினால் வழிகாட்டலும் தூங்கிவிடும்.

தவறைத் திருத்துவது

ஒருவழிப்பாதை தப்பாக இருக்கிறது, புது மேம்பாலம் இல்லை என்றால் நீங்களே சரிசெய்யலாம். தெருவில் நின்றபடி கேள்விக்குப் பதில் சொல்லும் முறைக்கு ஸ்ட்ரீட்கம்ப்ளீட், கடைகளைச் சேர்க்க எவ்ரிடோர், சாலையையே வரைய வெஸ்பூச்சி. மூன்றும் எஃப்-டிராய்டில் உண்டு. செய்த திருத்தம் உங்கள் வழியில் உடனே வராது. ஓஸ்மேண்டில் மாதாந்திர வரைபடத்துக்குக் காத்திருக்க வேண்டும். மணிக்கொருமுறை புதுப்பிக்கும் வசதி சந்தாக்காரருக்கும், தொடர்ந்து திருத்தம் செய்பவருக்கும் கிடைக்கும். கோமேப்ஸிலும் அடுத்த தரவு வெளியீடு வரும்வரை பொறுக்க வேண்டும். கூகுள் மேப்பைப் பார்த்துப் பெயரையோ தெருவையோ படியெடுத்துப் போடாதீர்கள். உரிமச் சிக்கல், கண்டுபிடித்தால் நீக்கிவிடுவார்கள். நேரில் பார்த்ததை மட்டும் போடுங்கள். ஈ-ஓஎஸ்ஸோடு சேர்ந்து வந்த மேஜிக் எர்த் இதே தரவைப் பயன்படுத்தினாலும் அதன் நிரல் மூடியது. கட்டற்ற செயலி என்று நினைத்து அதை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்.